வெட்டிய நூல்

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குக் கத்தரி அக்கா என்றுதான் பெயர். பாக்டீரியாவின் நொதி ஒன்றைப் படிகமாக்க ஆளாளுக்குத் திணறிக்கொண்டிருந்த காலத்தில் வந்த பெயர் அது. அந்த நொதி மூன்று உருண்டைகளை நூலில் கோத்தது போல இருக்கும். நூல் சும்மா இருக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுவது வரிசையில் நிற்காது. வரிசையில் நிற்காவிட்டால் படிகம் ஏது, படிகம் இல்லாமல் நொதியின் உருவத்தைக் காட்டும் படம் ஏது? அக்கா மரபணுவிலேயே கைவைத்து நூலை வெட்டிக் குட்டையாக்கினாள். மறு வாரமே தட்டில் ஊசி ஊசியாகப் படிகம். எப்போதும் உம்மென்று இருக்கும் எங்கள் ஆய்வகத் தலைவர் சார் அன்றைக்கு விசிலடித்ததை நான் என் காதால் கேட்டேன்.

கட்டுரையில் முதல் பெயர் அக்காவுடையது. அந்தப் படத்தை நம்பி எங்கெங்கோ ஆறு வருடமாக அந்த நொதியை முடக்க மருந்து தேடுகிறார்கள். ஒரு மருந்தும் நொதியில் ஒட்டவில்லை. அவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று நாங்கள் கேலி பேசினோம்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு சோதனை செய்தாள். முன்பு ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனியாகச் சோதித்திருந்தோம், மூன்றும் வேலை செய்தன, அதோடு விட்டுவிட்டோம். மெத்தனம்தான், வேறென்ன. இப்போது மூன்றும் சேர்ந்து செய்யும் முழுப் பொருள் உண்டாகிறதா என்று பார்த்தாள்; உண்டானால் மஞ்சள் நிறம் வரும். வெட்டாத நொதி இருந்த குழாய் ஐந்து நிமிடத்தில் மஞ்சளானது. வெட்டியது மாலை வரை நிறமில்லாத தண்ணீராகவே கிடந்தது. மூன்று முறை செய்தாள். நம்பாமல் நானும் ஒரு முறை செய்தேன். முதல் உருண்டை பாதி செய்ததை நடு உருண்டை ஆடிப் போய் மூன்றாவதிடம் கொடுக்க வேண்டும். அந்த ஆட்டத்தைத்தான் நாங்கள் வெட்டியிருந்தோம்.

குழாய்களை எடுத்துக்கொண்டு இருவரும் சார் அறைக்குப் போனோம். நாங்கள் சொன்னதைக் கேட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தெரியும்மா. நாலு வருஷமா தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த கட்டுரையில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்றார் சார். மருந்து தேடுகிறவர்கள் என்ன ஆவது என்று அக்கா கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முதல் பேர் உன்னோடதும்மா. யோசிச்சுக்க."

"அதனாலதான் சார், கட்டுரை வந்த பத்திரிகைக்கு நானே எழுதப்போறேன்."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். தவறு என்னுடையது என்று முதல் வரியைத் தட்டச்சு செய்தாள்.