வெப்சைட் படுத்த நாளில் தேடி வந்தவர்

காலையிலிருந்து எங்கள் பனியன் கம்பெனியின் வெப்சைட் திறக்கவில்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தில் ஏதோ கோளாறு. சாட்டில் எத்தனை முறை கேட்டாலும் "பொறுத்திருங்கள்" என்ற ஒரே பதில்தான்.

முதலாளி என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க தம்பி, கரண்டு ஆபீஸ்ல சொல்றாப்பல இத்தன மணிக்கு வரும்னு சொல்ல மாட்டாங்களா?"

"அவங்களுக்கே தெரியலீங்க."

சாப்பாட்டு நேரத்தில் ஓவர்லாக் டெய்லர் ஜெசிந்தா அக்கா கையில் போனோடு வந்து நின்றார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். முகம் வாடியிருந்தது.

"சார், நான் ரெண்டு நாளு லீவு போட்டதுக்காவ எம்புள்ள போட்டோவ சைட்டுலருந்து எடுத்துட்டியளா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. போன வருடம் குழந்தை உடுப்புக்கு மாடல் கிடைக்காமல், லீவுக்கு வந்திருந்த அவர் மகளுக்கே மஞ்சள் கவுனைப் போட்டுப் படம் எடுத்து சைட்டில் ஏற்றியிருந்தோம். பிள்ளை ஊரில் அவருடைய அக்கா வீட்டில் வளர்கிறாள். தினமும் சைட்டில் அவளைப் பார்த்துவிட்டுத்தான் ஜெசிந்தா அக்கா டிபன் பாக்ஸைத் திறப்பாராம்.

"எடுக்கலீங்கக்கா, சைட்டே படுத்துருச்சுங்க. உங்க போன்ல பாப்பா போட்டோ இல்லீங்களா?"

"நெறைய இருக்கு சார். ஆனா இதுல அவ நம்ம கம்பெனியில இருக்காள்லா."

நாலரை மணிக்கு சைட் வந்தது. முதலாளியிடம் சொல்வதற்கு முன் ஓவர்லாக் லைனுக்குத்தான் ஓடினேன்.

இத்தனை நேரத்தில் சரக்கு வாங்கும் ஒரு பையர்கூட சைட் எங்கே என்று கேட்கவில்லை. மூன்று வருடமாக யாருக்காக இதை நடத்துகிறேன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

உங்கள் சைட் படுத்தால் தேடி வர ஆள் இருக்கிறாரா?