கொடும்பாவிக்குக் கொடுத்த சட்டை

என்னைப் பெற்ற அய்யாவின் காக்கிச் சட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை.

சாயல்குடிக்கு மேற்கே எங்கள் ஊர். இரண்டு வருடம் மழை பொய்த்து மிளகாய் கருகியதும், ஊருக்கு வெளியே எண்ணெய்க் கிணறு தோண்டிய கம்பெனிக்கு அய்யா வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நிலத்தைக் கெடுக்கிறவனிடம் கூலிக்குப் போனார் என்று பாதி ஊர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. கிணற்றிலிருந்து வரும் வாயுவை உயரமான ஒரு குழாயில் ஏற்றி ஓயாமல் எரிப்பார்கள். அதற்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் அவருக்குக் காவல். பங்குனியில் ஒரு மத்தியானம் அந்தச் சூட்டில் உட்கார்ந்தபடியே செத்துப்போயிருந்தார். கம்பெனி ஜீப்பில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள். டிரைவர் வண்டியை அணைக்கக்கூட இல்லை.

ஐப்பசி பாதி போயும் துளி விழவில்லை. அப்போதுதான் மதுரையிலிருந்து நாடகக்காரர்கள் வந்தார்கள். எண்ணெயை எரித்து எரித்துத்தான் பூமி கொதிக்கிறது, மழை தவறுகிறது என்று தப்படித்துப் பாடினார்கள். மழை மேலே இருந்து வருகிறது, எண்ணெய் கீழே இருந்து வருகிறது, இரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று ஒருவர் கேட்க, ஊரே சிரித்தது. நாடகக்கார அக்கா ஒருத்தி கொடும்பாவி என்று சொன்னதும்தான் சிரிப்பு நின்றது.

மழை இல்லாத வருடம் எங்கள் பக்கம் வைக்கோலில் பெரும்பாவி ஒருவனைக் கட்டுவார்கள். தெருத்தெருவாக இழுத்து, செருப்பால் அடித்து, பெண்கள் ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் எரிப்பார்கள். பாவி ஒழிந்தால் மழை இறங்கும். இந்த முறை பாவி எண்ணெய்க் கம்பெனி என்றாள் அக்கா. ஊர் ஒத்துக்கொண்டது.

கம்பெனிக்கு என்ன உடுப்பு மாட்டுவது? பையில் கம்பெனி முத்திரை தைத்த சட்டை எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. நானே போய்ச் சொன்னேன். அந்த முத்திரை செருப்படி பட்டால், அய்யாவைக் கொன்றது யாரென்று ஊருக்குப் புரியும், அவரைப் பேசிய வாயெல்லாம் மூடும் என்று நினைத்தேன். செத்தவர் சட்டையைக் கொடுக்காதே என்று அம்மா தடுத்தாள். அடி முத்திரைக்குத்தான் என்று சொல்லி எடுத்துப் போனேன்.

முதல் தெருவில் முத்திரையைத்தான் அடித்தார்கள். இரண்டாவது தெருவில் யாரோ பொம்மையின் தலையில் சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டார்கள். அய்யா வேலைக்குப் போகும்போது கட்டுகிற மாதிரியே.

"வாட்ச்மேன் வாராருலே, வழிய விடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் கம்பெனி என்ற பேச்சே இல்லை. விளக்குமாறு நேராக முகத்தில் விழுந்தது. கம்பெனியை வைது அழ எனக்கு நாலு வரி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றும் வாயில் வரவில்லை. அய்யா, அய்யா என்று மட்டும்தான் வந்தது. அக்கா என் காதருகே குனிந்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"நல்லா வருது. அப்படியே அழு, நிறுத்திராத."

எல்லையில் எரித்தார்கள். சாயங்கால பஸ்ஸில் நாடகக்காரர்கள் போய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. கண்மாய்க்குள் தண்ணீர் வருவதைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்.

"தப்பா நெனைக்காத மதினி. பாவி யாருன்னு மழைக்குத் தெரிஞ்சிருக்கு."

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஈரச் சேலையைக்கூட மாற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"கம்பெனிக்காரன் உங்கய்யாவப் பொணமாத்தான்டி குடுத்தான். நீ பாவியாக்கிட்ட."

மண் ஈரம் நாலு நாளைக்குத்தான் நிற்கும். மறுநாள் விடிந்ததும் இருவரும் எங்கள் புஞ்சைக் காட்டுக்குப் போனோம். அவள் முன்னால் கொத்திக்கொண்டே போனாள், நான் பின்னால் மிளகாய் விதை போட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருடம் எங்கள் காட்டில்தான் ஊரிலேயே அதிகமாகக் காய்த்தது. அதற்கும், பாவி ஒழிந்த நேரம் என்று அய்யாவைத்தான் சொன்னார்கள்.