ஒரு பக்கம் மட்டும் தூக்கிய கார்

என் மனைவியின் தம்பி பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வந்து, மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். பின்சில்லுகளால் ஓடுகிற கார். மழை நாளில் நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் கொஞ்சம் அழுத்தினால் போதும், உள்பக்கச் சில்லு சும்மா சுற்றும், வண்டி முன்னுக்குப் போகாது. வளைவில் உள்சில்லின் மேல் பாரம் குறைந்துவிடும். இரண்டு பின்சில்லுகளுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியல், பிடியில்லாத அந்தச் சில்லையே சுற்றவிட்டு இஞ்சினின் பலத்தை வீணாக்கும்.

நான் கார் திருத்துகிறவன். இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. பழைய கார் உடைக்கும் இடத்தில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் ஒன்றைத் தேடியெடுத்து நானே பூட்டினேன். அதற்குள் இருக்கும் கிளச் தட்டுகள் இரண்டு சில்லுகளையும் ஓரளவு பிணைத்து வைக்கும். ஒன்று வழுக்கினாலும் மற்றது தரையைப் பிடித்துத் தள்ளும். அதே வளைவில், அதே மழையில் அவன் அழுத்தினான். கார் கொஞ்சமும் அலையாமல் வெளியே வந்தது.

"அத்தான், நீங்கள் விண்ணன்!" என்றான். எனக்குத் தலைக்கனம் ஏறியது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், பின்பக்கம் ஏதோ தட்டுகிறது என்று வந்தான். காரைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டுகள் கராஜுக்குள், விண்டர் டயர்களுக்குப் பின்னால் கிடந்தன. இழுத்தெடுக்கச் சோம்பலாக இருந்தது. ஜாக்கை வைத்து இடது பின்சில்லை மட்டும் தூக்கினேன்.

"ரெண்டு பக்கமும் தூக்குவமே அத்தான்?"

"எனக்குப் படிப்பிக்காதை. உதிலை படுத்து, எங்கை சத்தம் வருதெண்டு கேள்."

சாதாரண காரென்றால் தூக்கிய சில்லு மட்டும் அந்தரத்தில் சுற்றும், கார் அசையாது. எத்தனையோ தடவை அப்படிச் செய்தவன் நான். அந்தப் பழக்கத்தில், அவன் காரடியில் படுத்ததும் நான் ஏறி இஞ்சினை இயக்கி ஹாண்ட்பிரேக்கை எடுத்தேன், கியரைப் போட்டேன், கிளச்சை விட்டேன். நான் பூட்டிய தட்டுகள் தரையில் இருந்த சில்லையும் சேர்த்துச் சுற்றின. கார் ஜாக்கிலிருந்து பாய்ந்து அவன் காலின் மேல் இறங்கியது.

வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் ஒரு பக்கம் மட்டும் தூக்கினீங்கள்?"

நான் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். "நான்தான் அக்கா அவசரத்திலை தூக்கினனான். அத்தான் வேண்டாமெண்டு சொன்னவர்."

"அவர் சொன்னால் கேக்கமாட்டியே, விசரா?" என்று அழுதழுது அவனைத் திட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடமாகிறது. அவன் ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் சோறு போட்டபடியே அதைச் சொல்லித் திட்டுகிறாள். நானும் அதே மேசையில் இருந்து சாப்பிடுகிறேன்.