மணல் மூட்டையும் மரியாதையும்

தொண்ணூறுகளில் சோமனூரில், மூடிப்போன ஒரு தறிக்கூடத்தில் நடந்த ஜிம்மில் சேர்ந்திருந்தேன். மணல் மூட்டையைத் தோளில் சுமந்தபடி வேகவேகமாக உட்கார்ந்து எழ வேண்டும். மாஸ்டர் விசில் ஊதும்வரை நிறுத்தக் கூடாது. இருவர் ஒரு ஜோடி. ஒருவர் மூட்டையைக் கீழே போட்டால் இருவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் ஜோடி விசைத்தறி ஓட்டுபவர். இரவு ஷிப்ட் முடித்து நேராக வருவார். அன்று பாதியில் என் இடுப்பு சுருக்கென்று பிடித்துக்கொண்டது. தூங்காத மனிதரை மறுபடி தொடங்க வைக்க மனம் வரவில்லை.

"முடியலீன்னா போட்டுருங்க," என்றேன்.

"எனக்கென்னங்க? நீங்க வேணா போடுங்க."

"நானும் நல்லாத்தானுங்க இருக்கேன்."

மாஸ்டர் சிரித்தார். "சம்பந்தி விருந்துல யாரு மொதல்ல எலைய மூடறதுன்னு பாக்கறாப்பல இருக்குதுங்க. உக்காருங்க!"

விசில் வந்தபோது என்னால் நிமிர முடியவில்லை. அவருக்கு வலது கை எழவில்லை. ஆரம்பத்திலேயே தோள் விட்டுப்போயிருந்ததாம்.

"நீங்க போடுவீங்கன்னுதானுங்க பாத்துட்டே இருந்தேன்."

தறியில் அறுந்த நூலை முடிச்சுப்போட அவருக்கு அந்தக் கை வேண்டும். ஒரு வாரம் தறிக்குப் போகவில்லை.

நான் ஜிம்மையே விட்டுவிட நினைத்தேன். ஆனால் அவர் குணமாகி வந்து, ஜோடியில்லாமல் நிற்பாரோ என்று அடுத்த வாரம் போனேன். எண்ணெய் மணக்கும் தோளோடு அவர் வாசலில் நின்றிருந்தார்.

"நிறுத்திக்கலாம்னுதான் இருந்தேனுங்க. நீங்க தனியா நிப்பீங்களேன்னு வந்தேன்."

உள்ளே மாஸ்டர் எங்கள் இருவருக்கும் மூட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.