வாசிக்காத மூன்றாம் ஓலை

பேத்தி கல்யாணத்துக்கு பேர் எழுதிக்கொடுக்க அக்காவும் நானும் பங்குக் கோயில் அலுவலகம் போனோம். பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் அடித்தது. அறுபத்திரண்டு வருடங்களுக்கு முன், எனக்குப் பத்து வயதில், இதே வாசமடித்த இதே அறையில்தான் அக்காவின் கல்யாணம் நின்றது.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கும் ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு வாசித்தாயிற்று. அதன் பிறகுதான், பிஷப் தைலம் பூசித் தரும் உறுதிபூசுதலை அக்கா வாங்கவில்லை என்று அன்றைய சாமியார் கண்டுபிடித்தார்.

"பிஷப் வந்தன்னைக்கு எங்க போன?"

"நடவு சாமி. பண்ணையில விடல."

"அப்ப அவரு மறுபடி வரட்டும்."

பிஷப் வரப் பதினான்கு மாதமாயிற்று. திருவையாற்று மாப்பிள்ளை நான்கு மாதம்கூடப் பொறுக்கவில்லை. ஓலை பாதியில் நின்றவள் என்று அப்புறம் ஒருவரும் பெண் கேட்டு வரவில்லை.

பேத்தியும் உறுதிபூசுதல் வாங்கியிருக்கவில்லை.

"முடிஞ்சா வாங்கிக்கலாம் தாத்தா. அதுக்காகக் கல்யாணத்த நிறுத்த வேண்டியதில்ல" என்றார் பாதிரியார்.

"இந்தச் சட்டம் எப்பலேருந்து சாமி?"

"எப்பவுமே அப்படித்தாங்க."

"அப்ப எங்கக்காவுக்கு?" என்று கத்தி மேசையை ஓங்கி அறைந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா, எண்பது வயது, என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கத்தாதடா. மொதல்ல புள்ளைக்கு மூணு ஓலையும் வாசிக்கச் சொல்லு."