வாளைத் தின்ற கணினி

1. போனில் வந்த வாளை

பழைய படங்களைச் சுத்தம் செய்து டிவிடியாக வெளியிடும் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலையில் போன் அடித்தது.

"ஹலோ, வாளைக் காணல்லியே."

"இன்னைக்கு வாளை வரல்ல அண்ணாச்சி. சாளை கெடக்கு. வாளைதான் வேணும்னா நாளைக்கு எடுத்து வைக்கச் சொல்லுகேன்" என்றேன்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் அப்பா வடசேரி சந்தையில் மீன் விற்பவர். அவரிடம் அப்போது போன் கிடையாது. யாராவது நம்பர் கேட்டால் என் ஆபீஸ் நம்பரைக் கொடுத்துவிடுவார். மகள் ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்பதை ஊருக்குச் சொல்ல அவருக்கு அது ஒரு வழி. அதனால் சினிமா பற்றி வரும் போனைவிட மீன் பற்றி வரும் போன்தான் எனக்கு அதிகம். வாளை என்பது வெள்ளிப் பட்டையைச் சுருட்டி வைத்தது போல நீளமாக இருக்கும் மீன். கடற்கரையில் யாரைக் கேட்டாலும் வாளை என்றால் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

மறுமுனையில் பேசியவர் மார்த்தாண்டத்தில் எங்கள் டிவிடிகளை விற்கும் கடைக்காரர்.

"மக்கா, நான் மீன் கேக்கல்ல. ஒங்க படத்துல ராஜாமாருக்க கையில வாளக் காணல்ல. வெறுங்கைய வீசிக்கிட்டு நிக்கானுவ, கொசு அடிக்க மாதிரி."

2. மாடி அறை

கடை முதலாளி தங்கராஜ் சார் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். முதலில் வீடியோ கேசட் வாடகைக்கு விட்டார். டிவிடி வந்ததும் பழைய ராஜா ராணி படங்களின் உரிமையை வாங்கி வெளியிட இறங்கினார். பிலிம் பிரிண்டை டேப்பில் ஏற்றும் வேலை சென்னையில் நடக்கும். டேப்பைக் கணினியில் கேப்சர் செய்வது, வெளிச்சத்தைச் சரிசெய்வது, கீறலும் தூசியும் எடுப்பது, ஆங்கில சப்டைட்டில் எழுதுவது, கடைசியில் டிவிடிகளுக்கு மூலப்பிரதியாக மாஸ்டர் அடிப்பது, இவையெல்லாம் நாகர்கோவிலில் எங்கள் மாடி அறையில். அறையில் இருந்தது சாரும் நானும்.

என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதைச் சொல்ல எனக்கு அன்றும் கூச்சம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. எங்கள் முதல் பெரிய வெளியீடான "சங்குத்தீவு வீரன்" டிவிடி அட்டையின் பின்பக்கத்தில் "தொழில்நுட்ப மேற்பார்வை: ஸ்டெல்லா, பி.எஸ்சி." என்று அச்சடித்திருந்தார்கள். அப்பா ஒரு அட்டையைப் பாலித்தீன் உறைக்குள் போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோய் மீன் வாங்க வருகிறவர்களிடம் காட்டினார். பேரம் பேசியவர்களிடம் காட்டவில்லை.

படம் நன்றாகவே தெளிந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே. மன்னரின் கையில் அம்மை குத்திய தழும்பு தெரிந்தது. கோட்டை மதிலுக்குப் பின்னால் ஒருவர் சைக்கிளில் போவது தெரிந்தது. சார் அதைப் பெருமையாக எல்லோருக்கும் நிறுத்திக் காட்டினார்.

நான் சப்டைட்டில் எழுதியது சுத்தம் செய்வதற்கு முந்தைய டேப்பைப் பார்த்து. அதில் வாள்கள் இருந்தன. சுத்தம் செய்த மாஸ்டரைச் சரிபார்த்தவர் சார். ரத்தம் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும், கறுப்பு வெள்ளை ரத்தமானாலும். அதனால் சண்டைகளை ஓட்டிவிட்டுப் பாட்டுகளை மட்டும் பார்த்து, பிரமாதம் என்று அனுப்பிவிட்டார்.

3. கறுப்புத் திரையில் நடந்த சண்டை

போனை வைத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டேன். கதாநாயகன் உறையில் கை வைத்தான். இழுத்தான். கையில் ஒன்றும் இல்லை. "வாளை எடு" என்று வில்லன் கத்தினான். அவன் கையிலும் ஒன்றும் இல்லை. இருவரும் எதிரெதிரே நின்று காற்றைத் துழாவினார்கள். டங் டங் என்று சத்தம் மட்டும் வந்தது. நடுவில் இருவரும் வசனம் பேச நின்றார்கள். அப்போது கைகளில் வாள்கள் முளைத்தன. பேசி முடித்துக் கையைத் தூக்கியதும் மறுபடி மறைந்தன.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் காரணத்தைச் சொல்கிறேன். பிலிமில் விழுந்த கீறல் ஒரு ஃப்ரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமையும் முன்னும் பின்னும் இருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இதில் மட்டும் இருக்கிறது, பக்கத்தில் இல்லை என்றால் அழுக்கு என்று முடிவு செய்து துடைத்துவிடும். வேகமாக வீசும் வாளும் அப்படித்தான். மெலிந்து, பளிச்சென்று, ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அதனால் துடைக்கும் அளவைக் குறைவாக வைக்க வேண்டும். சார் அந்த அளவைக் கூட்டும் ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளி வைத்திருந்தார்.

மென்பொருளில் இன்னொரு பட்டன் உண்டு. துடைத்ததை மட்டும் தனியாகக் காட்டும். அதை அழுத்தினேன். திரை கறுப்பானது. கறுப்பில் மனிதர்கள் யாரும் இல்லை. வாள்கள் மட்டும் தனியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அவற்றைச் சுற்றித் தூசி மழை போலப் பெய்தது. நான் அதைக் கொஞ்சநேரம் வேலையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைவிட அது நன்றாக இருந்தது.

4. சாரின் விளக்கம்

சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு சொன்னார்: "வாள் இருக்கு மக்கா. அந்த வேகத்துக்கு நம்ம கண்ணுக்குத் தெரியல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் கடையிலிருந்த எல்லா டிவிடிகளிலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. "கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாள் வீச்சு."

விற்பனை கூடியது. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. மார்த்தாண்டத்துக்காரர் மறுபடி போன் செய்து, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது, இதேபோல வாள் இல்லாத வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியை ஒருவர் நேரில் வந்தார். ஆயுதம் இல்லாத சரித்திரப் படத்தை முதல்முறையாகப் பார்ப்பதாகவும், குழந்தைகள் தின விழாவில் போடப்போவதாகவும் சொல்லி, சாரின் நல்ல மனதைப் பாராட்டினார். சார் தலைகுனிந்து பாராட்டை ஏற்றுக்கொண்டார். சப்டைட்டிலில் மட்டும் "உன் வாளைக் கீழே போடு" என்று நான் எழுதிய ஆங்கிலம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

5. சூசை பாட்டா

அந்த வாரம்தான் சூசை பாட்டா வந்தார். கடற்கரை ஊர்க்காரர், வயது எழுபதுக்கு மேல். இளவயதில் சென்னைக்குப் போய்ச் சண்டை நடிகராகக் கொஞ்ச காலம் இருந்தவர். "சங்குத்தீவு வீர"னில் கோட்டைப் படிக்கட்டுக் காவலனாக வருகிறார். ஊரில் அவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: அந்தப் படம் முழுவதும் கதாநாயகன் கையிலிருந்து வாளைத் தட்டிவிட்ட ஒரே ஆள் தான்தான் என்று. யாரும் நம்பவில்லை. மீன்பிடி வள்ளத்தில் அவரோடு கூடப் போன வறுவேல் என்பவர்தான் கேலியில் முதல் ஆள். அவர் படத்தில் நடித்ததற்காவது படப்பிடிப்பில் எடுத்த போட்டோ ஒன்று சாட்சியாக இருந்தது. கடல் ஊருக்குள் வந்தபோது வீட்டுச் சாமான்களோடு அதுவும் போய்விட்டது.

இப்போது படம் டிவிடியாக வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, ஊர்ச் சிலுவைக் கோயிலான குருசடியின் திருவிழாவில் எல்லோர் முன்னாலும் போடப்போவதாக அறிவித்துவிட்டார். போடும் முன் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

மாடியில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினேன். வேறு வழி தெரியவில்லை. படிக்கட்டுக் காட்சி வந்தது. இளவயதுச் சூசை பாட்டாவின் முகம் கண்ணாடி போலத் தெரிந்தது, மீசை மயிர் உட்பட. அவர் முகம் மலர்ந்தது. பிறகு திரையில் அவரும் கதாநாயகனும் வெறுங்கையை ஆட்டினார்கள். திடீரென்று கதாநாயகன் நின்றான். அவன் காலடியில் ஒரு வாள் கிடந்தது.

பாட்டா என்னைப் பார்த்தார். "மொவளே, எனக்கு வெளங்கல்ல. அவரு வாள அவரே கீழ வச்சிட்டாரா?"

கணினி செய்ததை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நான் தட்டினத அது அழுக்குன்னு நெனச்சிட்டு. அப்படித்தான?"

"ஆமா பாட்டா."

"வறுவேலும் அதத்தான் சொல்லுகான். அவனுக்குத் தொணைக்கு இந்த மெசினு வேற வேணுமா."

6. முகமா, வாளா

சாரிடம் போய், சண்டைக் காட்சிகளை மட்டும் திரும்பச் செய்ய வேண்டும் என்றேன். நன்றாக விற்பதை எதற்கு மாற்ற வேண்டும் என்று அவர் கேட்டார். வாள் இல்லாததுதான் நம் கடையின் தனித்தன்மை என்றும் சொன்னார். நான் வாதம் செய்யவில்லை. "அப்ப அட்டையிலேருந்து எனக்கப் பி.எஸ்சி.ய எடுத்திருங்க சார்" என்றேன். அந்தப் படிப்பைச் சொல்லித்தான் அவர் சென்னைக்காரர்களிடம் உரிமை வாங்கியிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, செய்துகொள், ஆனால் பழையதையும் நிறுத்த மாட்டேன், கருவாட்டில் உப்பு கூடியது குறைந்தது இருப்பதுபோல இதிலும் ரெண்டு ரகம் இருக்கட்டும் என்றார்.

எங்கள் மென்பொருளில் ஒரு ஷாட்டுக்குத் துடைப்பதை வைக்கலாம், இல்லை நிறுத்தலாம். ஒரு ஃப்ரேமுக்குள் இதை எடு, அதை விடு என்று கையால் சொல்ல வழியில்லை. ஸ்லைடரைப் பாதியில் வைத்தால் வாள் துண்டு துண்டாக வந்தது. எல்லாச் சண்டைகளிலும் துடைப்பதை நிறுத்தினேன். வாள்கள் திரும்பி வந்தன, கீறல்களும் வந்தன. படிக்கட்டுக் காட்சிக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. வாள் பறப்பது அற்புதமாகத் தெரிந்தது. ஆனால் பிரிண்டில் இருந்த தடித்த கோடு ஒன்று ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறி ஆடிக்கொண்டே காவலனின் நெற்றியிலிருந்து தாடை வரை இறங்கியது. யார் முகம் என்று அவரைப் பெற்ற தாய்க்கும் தெரியாது.

முகம் இருந்தால் வாள் இல்லை. வாள் இருந்தால் முகம் இல்லை. நாலைந்து வழிகளில் முயன்றேன், எதுவும் ஒப்பேறவில்லை. திருவிழா நெருங்கிவிட்டது. பாட்டாவை மறுபடி வரச்சொல்லி இரண்டையும் காட்டினேன். எது வேண்டும் என்று அவரே சொல்லட்டும் என்று நினைத்தேன்.

அவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "வாளப் போடு மொவளே. மூஞ்சி எனக்கிட்ட இருக்குல்லா."

7. குருசடி முற்றம்

திருவிழாவன்று சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் முற்றத்தில் டிவியை வைத்தார்கள். டிஸ்க்கோடு நானும் போயிருந்தேன். அப்பாவும் கூட வந்தார்.

படம் தெளிவாக ஓடியது. முதல் சண்டை வந்தபோது திரையில் கோடுகள் விழுந்தன. இரண்டாவது சண்டையிலும் விழுந்தன. மூன்றாவது தடவை முன்வரிசைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். கோடு தெரிந்ததும் "கோடு வருது, அடி வருது" என்று கூவினார்கள். வில்லன் "வாளை எடு" என்றபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "வாளை என்ன வெல?" என்று கேட்டது. அப்பாவால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

படிக்கட்டுக் காட்சி வந்ததும் சூசை பாட்டா எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில், முகத்தைக் கூட்டத்துக்குக் காட்டி நின்றுகொண்டார். திரையில் வாள் பறந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சத்தம் அடங்கியதும் வறுவேல் எழுந்தார்.

"வாள் பறந்தது செரி. தட்டினவனுக்க மூஞ்சியில கோடுல்லா கெடக்கு. அது நீதான்னு நான் எப்பிடிவே நம்புகது?"

முகத்தையே வைக்கச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தேன்.

"ஒனக்கக் குடைய நீட்டு" என்றார் பாட்டா.

வறுவேல் கையிலிருந்த நீளக் குடையை வாள்போல நீட்டினார். பாட்டா பக்கத்தில் இருந்த ஒருவரிடமிருந்து ஊன்றுகோலை வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, திரும்பப் போடச் சொல்லிக் கைகாட்டினார். போட்டேன். திரையில் காவலன் ஒரு படி இறங்கி, இடது தோளைச் சாய்த்து, மணிக்கட்டைச் சுழற்றினான். முற்றத்தில் பாட்டாவும் ஒரு அடி வைத்து, இடது தோளைச் சாய்த்து, மணிக்கட்டைச் சுழற்றினார். திரையில் வாளும் வெளியில் குடையும் ஒன்றாகப் பறந்தன. குடை, குழல்விளக்கு கட்டியிருந்த மூங்கிலின் உச்சியில் போய்த் தொங்கியது.

வறுவேல் அண்ணாந்து பார்த்தார். வெறும் கையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"இவன்தாம்டே அது. ஒருத்தனும் இனி மறுத்துப் பேசண்டாம். எனக்கக் குடைய எறக்கித் தாங்க."

இதற்குப் பிறகு எத்தனையோ படங்களைச் சுத்தம் செய்துவிட்டேன். இப்போதைய மென்பொருளில் முகத்தையும் வாளையும் சேர்த்தே காப்பாற்றலாம். ஆனால் எந்தக் கோட்டைத் துடைக்கலாம், எதைத் துடைக்கக்கூடாது என்று எந்த ஸ்லைடரும் சொல்வதில்லை. படத்தில் நடித்த யாராவது உயிரோடு இருந்தால் மாஸ்டர் அடிக்கும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கும்போது கொஞ்சம் தள்ளியே நின்று கேளுங்கள்.