ஆறுக்கு ஆறு

பென்சிலைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மொட்டை முனையால் கணினித் திரையில் தெரியும் அலையைத் தடவிக்கொண்டே போகிறார். ஏறுகிறது, சரிகிறது, மறுபடி ஏறுகிறது. வாய் முணுமுணுக்கிறது: "இடம் சரி... கோணம் சரி... அய்ய, இது என்ன படம், கோழி கிளறிப் போட்ட மாதிரி!" படிவத்தில் நான்கு என்று எழுதுகிறார். அடுத்த படத்துக்குத் தாவுகிறார்.

ஸ்கேன் அறைகளில் இவருக்கு 'மார்க் டீச்சர்' என்று பெயர். நேரில் பார்த்தால் எல்லோருக்கும் அக்கா. முதுகுக்குப் பின்னால்தான் டீச்சர். இருபது வருடம் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்து, வலது தோள்பட்டை மக்கர் செய்யத் தொடங்கியதும் இந்த நாற்காலிக்கு வந்தவர். சுற்றுவட்டார நிலையங்கள் எடுக்கும் டாப்ளர் படங்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கட்டாக இவரிடம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆறு மதிப்பெண். படம் ஒழுங்காக எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதற்கு மட்டும்தான் மதிப்பெண். குழந்தை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது டாக்டரின் வேலை. இவர் போடுவதைக் கூட்டிச் சராசரி எடுத்து மேலே அனுப்புவது பக்கத்து மேசையில் இருக்கும் என்னுடைய வேலை. என்னைவிட இரண்டே வயது மூத்தவர், ஆனாலும் நான் அவருக்குத் தம்பி.

டாப்ளரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லித் தெரிந்ததுதான். தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதைக் கருவி அலையாக வரைகிறது. குழந்தையின் இதயம் ஒருமுறை துடித்தால் ஒரு முகடு. "ரெண்டு முகட்டுக்கு நடுவுலயும் கொஞ்சமாச்சும் ஓட்டம் இருக்கணும் தம்பி. தரையைத் தொட்டுச்சுன்னா ரத்தம் நின்னு நின்னு போகுதுன்னு அர்த்தம்." அப்படி ஒரு படம் வந்தால், இடைவெளியில் அவருடைய பென்சில் திரையை விட்டு எழும்பும். அந்தரத்தில் கடந்து அடுத்த முகட்டில் இறங்கும். அன்றைக்கு அதற்கப்புறம் நான் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டேன். பழைய படம் அது. அங்கே நடக்க வேண்டியது அதற்குள் நடந்து முடிந்திருக்கும். அதைப் பற்றி எழுதப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

திரையின் மேல்விளிம்பில் ஒரு அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார். தாயின் பெயரும் நிலையத்தின் பெயரும் அதற்குப் பின்னால் மறைந்துவிடும். "பேரு தெரிஞ்சா கை இளகிடும்" என்பார். இளகிப் பார்த்தவர் யாருமில்லை. எட்டு வருடத்தில் ஆறுக்கு ஆறு அவர் கையிலிருந்து விழுந்ததே இல்லை. அலை சிறிதாக இருந்தால் ஒன்று போச்சு. பில்டர் அளவு கூடியிருந்தால் ஒன்று போச்சு. அது மெல்லிய ஓட்டத்தை மறைத்து, நன்றாக ஓடும் ரத்தத்தையும் நின்றுபோனதாகக் காட்டிவிடுமாம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஏதாவது ஒரு நொட்டை கண்டுபிடித்து ஐந்தில் நிறுத்துவார். "ஆறு போட்டா அடுத்த தடவை அசட்டையா எடுப்பாங்க."

மாதம் ஒருமுறை ஸ்கேன் எடுப்பவர்களுக்கு வகுப்பு எடுப்பார். அதில் ஒரு பாடம் ரொம்பப் பிரசித்தம். "படுத்திருக்கிறவ 'நல்லா இருக்கா'ன்னு கேட்பா. ஆமான்னும் சொல்லாதீங்க, இல்லைன்னும் சொல்லாதீங்க. அது டாக்டர் வாயால வரணும். 'படம் நல்லா வந்திருக்கு, டாக்டரைப் பாருங்க'. அவ்வளவுதான். முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்குங்க." எல்லா நிலையத்துப் பெண்களும் இதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை அவருடைய தங்கை அலுவலகத்துக்கு வந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து முதல் கர்ப்பம், எட்டாம் மாதம். குடையை உதறிக்கொண்டே, "அக்கா, உன் மாணவிகிட்டதான் படம் எடுத்தேன். எத்தனை மார்க்குன்னு சொல்லு பார்ப்போம்" என்று சிரித்தபடி உறையை நீட்டினாள்.

அக்கா பென்சிலைத் திருப்பிப் படத்தின்மேல் வைத்தார். ஏறியது, சரிந்தது, எழும்பியது. மறுபடியும் எழும்பியது.

"எப்ப எடுத்தது?"

"வெள்ளிக்கிழமை."

"டாக்டர் பார்த்தாரா?"

"அன்னிக்கு ஒரே கூட்டம்க்கா. படம் நல்லா வந்திருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. அப்புறம் என்ன அவசரம்? இப்பதான் காட்டப் போறேன்."

அக்கா இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தின் ஓரத்தில் இருக்கும் பொடி எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பில்டர் சரியான அளவில் இருந்தது. கோணம் சரி. இடம் சரி. அலை பெரியதாக, பிசிறில்லாமல், பாடப்புத்தகத்தில் போடலாம் போல இருந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எல்லாப் படத்திலும் குற்றம் கண்டுபிடிக்கிறவர் இதில் ஒன்றாவது அகப்படாதா என்று தவித்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

"ஒரு தப்பு... ஒரே ஒரு தப்பு இருக்கக் கூடாதா" என்றார், யாரிடம் என்று தெரியாமல். பிறகு நிமிர்ந்து, "வயித்துல அசையுதாடி?"

"நேத்து மத்தியானத்திலேருந்து சமத்தாத் தூங்குது. ஏன்க்கா?"

தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். குடை இங்கேயே கிடந்தது. அங்கே மறுபடி எடுத்த படத்தில் அலையே இல்லை, வெறும் தரை.

தங்கை அக்காவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நல்லா இருக்குன்னுதானேக்கா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். இப்போதும் போனில் அதையேதான் கேட்கிறாள். அந்த நாட்களில் அக்காவின் மதிய டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பும்.

அதற்கடுத்த வகுப்பில், 'படம் நல்லா வந்திருக்கு' என்ற வாக்கியம் வரும் இடத்தில் நின்றார். "டாக்டரைப் பாருங்க, இப்பவே பாருங்க. இது போதும். 'நல்லா'ங்கிற வார்த்தையே வேண்டாம்" என்றார்.

"பயந்துடுவாங்களே அக்கா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"பயப்படட்டும்."

ஒரு வாரம் கழித்துப் படக்கட்டு வந்தது. பதினேழாவது படத்தில் அவர் கை நின்றது. பெயரை அட்டை மறைத்திருந்தது. அந்த வெள்ளிக்கிழமைப் படத்தை அடையாளம் காண எங்கள் இருவருக்கும் பெயர் தேவைப்படவில்லை. "இதை நான் எடுத்து வச்சிடறேன்க்கா" என்றேன்.

"வேண்டாம் தம்பி. படம் என்ன பாவம் பண்ணுச்சு?"

கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினார். கீழே, மொத்தம் என்ற இடத்தில், ஆறு என்று எழுதினார். பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து முதல் முகட்டில் வைத்தார். ஏறிச் சரிந்து இடைவெளிக்கு வந்தது. எழும்பவில்லை. தரையிலிருந்து ஒரு நூல் உயரத்தில், ஓட்டம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், திரையை விட்டு எடுக்காமலே, அடுத்த முகட்டுக்கும் அதற்கடுத்த முகட்டுக்குமாக, கடைசிவரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.